ஹெட் கேஸ்கெட் மாற்றிய பிறகும் ஆயிலில் கூலன்ட்: பழைய மிச்சமா, புதுக் கசிவா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வண்டி 2014 மாடல், 1.3 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அப்பா தினமும் திண்டுக்கல் போய் வர வைத்திருக்கும் வண்டி.

கொஞ்ச நாள் முன்பு வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்து கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) முழுக்கக் கொட்டிவிட்டது. டெம்பரேச்சர் லைட் எரிந்ததும் ஓரம் கட்டி, ஆறவிட்டு, கையிலிருந்த குடிதண்ணீரை ஊற்றிக் கீழே இறக்கினோம். அங்கிருந்து டோ செய்து பட்டறைக்குக் கொண்டு போனோம். ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடியிலுள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்று சொல்லி, ஹெட்டைக் கழற்றி, லேத்தில் ஃபேஸிங் போட்டு (அடித்தளத்தைச் சமமாகச் சீவி), புது கேஸ்கெட், புது ஆயில், புது ஃபில்டர் போட்டுக் கொடுத்தார்கள். பில் பெரிய தொகைதான், பரவாயில்லை, வண்டி நன்றாக இருந்தால் போதும் என்று எடுத்து வந்தோம்.

இப்போது பிரச்சினை. டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் கறுப்பாக இல்லை, பால் விட்ட காபி மாதிரி இருக்கிறது. ஆயில் மூடியின் அடியிலும் அதே நிறத்தில் பசை. வண்டி எடுத்த அன்று அளவு மேல்கோட்டில் சரியாக நின்றது, போட்டோ கூட இருக்கிறது. இப்போது மேல்கோட்டுக்கு மேல் ஒரு விரல் அளவு ஏறியிருக்கிறது. கூலன்ட் டேங்கில் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, டேங்கின் கழுத்தில் பழுப்பாக ஒரு பிசுக்கு வளையம். ஆனால் வெள்ளைப் புகை இல்லை, சூடு ஏறவில்லை, இழுவை நன்றாக இருக்கிறது.

வேலை செய்த பட்டறையில் கேட்டால், "உள்ளே ஒட்டியிருந்த பழைய தண்ணீர்தான், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள், சூட்டில் ஆவியாகிவிடும்" என்கிறார்கள். இன்னொரு மெக்கானிக், "கேஸ்கெட் மறுபடி போச்சு, ஹெட்டை இறக்கித்தான் ஆகணும்" என்கிறார். இரண்டில் எதை நம்புவது? ஹெட்டைக் கழற்றாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? லேபுக்கு ஆயில் அனுப்பினால் பயன் உண்டா? இப்போதைக்கு வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

மாசி வீதி டீசல் எழுதியது:

நிறுத்தி வைத்தது ரொம்ப நல்லது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பது, வீட்டு வாசலில் ஐடிலில் விடுவது எதுவும் வேண்டாம். கிராங்க் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே நிற்பது மிக மெல்லிய ஆயில் படலம். அதில் தண்ணீர் கலந்தால் படலம் கிழிந்துவிடும், உலோகம் உலோகத்தில் உரசும். ஹெட் வேலைக்கு ஆன செலவு ஒரு பக்கம், பேரிங் போனால் வரும் செலவு இன்னொரு பக்கம், இரண்டையும் பக்கத்தில் வைக்கவே முடியாது.

"ஓட்டினால் ஆவியாகிவிடும்" என்பது பாதி சரி, அந்தப் பாதிதான் ஆபத்து. தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும், ஆயில் நன்றாகச் சூடேறினால் பிரீதர் (என்ஜினின் காற்றுப்போக்கி) வழியாக வெளியே போய்விடும். ஊட்டியில் குளிர்காலத்தில் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடும் வண்டிகளில் மூடிக்கு அடியில் பசை கட்டுமே, அது வெறும் ஈரம்தான், ஒரு நீண்ட ஓட்டத்தில் போய்விடும், டிப் ஸ்டிக் எப்போதும் சுத்தமாகவே இருக்கும். ஆனால் கூலன்டில் பாதி எத்திலீன் கிளைக்கால். அது கொதிக்க 197 டிகிரி வேண்டும், ஆயில் அந்தச் சூட்டுக்குப் போகவே போகாது. தண்ணீர் மட்டும் போய், கிளைக்கால் ஆயிலிலேயே தங்கி, அமிலமாக மாறி, ஆயிலில் இருக்கும் ரசாயனங்களோடு சேர்ந்து கறுப்புக் களியாகி ஃபில்டரை அடைக்கும். அதனால் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு பசை மறைந்து நிறம் கறுப்பாகத் தெரிந்தாலும் சரியாகிவிட்டது என்று அர்த்தம் கிடையாது.

இனி உங்கள் கேள்வி, மிச்சமா கசிவா என்பது. பட்டறைக்காரர் சொல்வதற்கும் ஓர் அடிப்படை இருக்கிறது, அதை ஒதுக்க முடியாது. பிளாக்கில் நிற்கும் கூலன்டை முழுதாக வடிக்காமல் ஹெட்டைத் தூக்கினால், மிச்சத் தண்ணீர் ஆயில் திரும்பி இறங்கும் துளைகள் வழியாக நேராக சம்ப்புக்கு (அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு) போகும். இது தினமும் நடப்பது. கேஸ்கெட் முதலில் போனபோதே கலந்ததும் கேலரிகளில் (ஆயில் ஓடும் உள்வழிகளில்), ஆயிலைக் குளிர்விக்கும் கூலரில், ஹெட்டின் மூலைகளில் ஒட்டியிருக்கும். ஒரே ஒரு தடவை ஆயில் மாற்றினால் அது போகாது. ஆக, புது ஆயில் நிறம் மாறியது மட்டும் என்றால் நானும் மிச்சம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் இன்னொன்று எழுதியிருக்கிறீர்கள்: அளவு ஏறியிருக்கிறது, டேங்கில் இறங்கியிருக்கிறது. ஒட்டியிருந்த மிச்சத்தால் ஒரு விரல் உயரம் ஏறாது. டீசல் இறங்கினாலும் அளவு ஏறும், இன்ஜெக்டர் கசிந்தால் அப்படி ஆகும், ஆனால் டீசல் கலந்தால் ஆயில் நீர்த்து வாடை அடிக்குமே தவிர பால் நிறம் வராது. எனவே என் சந்தேகம் கசிவு பக்கம்தான். இருந்தாலும் சந்தேகத்தை வைத்து ஹெட்டை இறக்கக் கூடாது, நிரூபித்த பிறகுதான்.

அதற்கு நான் செய்யும் முறை இது. இப்போதிருக்கும் ஆயிலை முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றி, விலை குறைந்த புது டீசல் ஆயில் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் மட்டும் ஓடவிட்டு, சூட்டோடு வடியுங்கள். வடிவது இன்னும் பால் நிறம் என்றால் மறுபடி. நிறம் தெளிந்ததும் நல்ல ஆயில், நல்ல ஃபில்டர் போடுங்கள். இப்போதுதான் பரிசோதனை தொடங்குகிறது. என்ஜினை அணைத்து ஆறவிட்டு, கூலன்ட் டேங்க் மூடிக்குப் பதில் கூலிங் சிஸ்டம் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியின் மேல் எவ்வளவு பார் (அழுத்த அளவு) என்று போட்டிருக்கிறதோ அதுவரை கையால் பம்ப் அடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் முள் இறங்கியிருந்து வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் உள்ளேதான் போயிருக்கிறது.

அப்புறம் சம்ப்பின் அடியில் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் தொடுங்கள். கூலன்ட் ஆயிலைவிட கனம், கலங்காமல் ராத்திரி நின்றால் சம்ப்பின் அடியில் தனியாகப் படியும். போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் வருவது கூலன்டா ஆயிலா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆயிலுக்கு முன்னால் பச்சையோ சிவப்போ ஒரு துளி வந்தாலும் கேள்வி முடிந்தது. சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள், வெந்துவிடும்.

சண்முகநதி எழுதியது:

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் இவ்வளவு பார்க்க மாட்டார்கள். ஆயிலை வடித்துவிட்டு இரண்டு லிட்டர் டீசல் ஊற்றி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு வடித்தால் உள்ளே இருக்கிற களி எல்லாம் வந்துவிடும். மாமா டெம்போவுக்கு அப்படித்தான் செய்தோம், நன்றாக ஓடுகிறது. கசிவு சின்னதாக இருந்தால் ரேடியேட்டரில் ஊற்றும் ஸ்டாப் லீக் வாங்கி ஊற்றிப் பாருங்கள், ஹெட்டை இறக்கும் செலவாவது மிஞ்சும்.

மாசி வீதி டீசல் எழுதியது:

தம்பி, மாமா டெம்போ ஓடுவது சந்தோஷம், ஆனால் இந்த வண்டிக்கு அதைச் சொல்லாதீர்கள். ஏற்கனவே தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடிய பேரிங் இது. அதில் டீசலை மட்டும் விட்டு ஓட்டினால் இருக்கும் கொஞ்சப் படலமும் கழுவிக்கொண்டு போகும். டர்போ ஷாஃப்ட் இன்னும் மோசம், ஐடிலிலேயே வேகமாகச் சுற்றும், அதற்கு ஆயில் பிரஷர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. மலிவான ஆயில் இரண்டு தடவை வாங்கும் காசு டர்போ விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஸ்டாப் லீக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஓட்டையைத் தேடிப் போய் அடைக்கும் பொருள் அல்ல, குறுகலான இடம் எங்கே இருந்தாலும் அங்கே அடையும். ஹீட்டர் கோர், ஆயில் கூலரின் தட்டுகள், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் எல்லாமே குறுகல்தான். அதை ஊற்றிவிட்டால் பிறகு பிரஷர் டெஸ்டையும் நம்ப முடியாது.

ஆயில் லேப் எழுதியது:

ஆய்வகத்தில் இருப்பவன் என்பதால் லேப் கேள்விக்கு மட்டும் பதில். காற்றாலை கியர் பாக்ஸ், ஜெனரேட்டர், லாரி கம்பெனிகள் எல்லாம் வழக்கமாக அனுப்புவது இதே சோதனைதான். கார்க்காரர்கள் அனுப்புவது குறைவு, ஆனால் தாராளமாக அனுப்பலாம். என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள இடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும்போது வெறுமனே "டெஸ்ட் பண்ணுங்க" என்று சொல்லாமல் கிளைக்கால் இருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு, உலோகங்கள் எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள். கூலன்டில் துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் உப்புகளில் சோடியம், பொட்டாசியம் இருக்கும். தண்ணீர் ஆவியான பிறகும் இந்த இரண்டும் ஆயிலில் நிற்கும், அதனால்தான் இவை நம்பகமான சாட்சி. ஆனால் சில ஆயில்களில் கம்பெனியே சோடியம், போரான் சேர்த்திருக்கும். அதே ஆயிலின் திறக்காத டப்பாவிலிருந்து ஒரு சாம்பிளும் சேர்த்து அனுப்பினால்தான் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும். இதைச் செய்யாததால்தான் பாதி ரிப்போர்ட்கள் வீணாகின்றன.

உங்கள் விஷயத்தில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, மலைப்பாதையில் வெறும் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். பட்டறையில் பிறகு புது கூலன்ட் போட்டார்களா, அல்லது சோதித்துப் பார்க்கக் குழாய்த் தண்ணீரையே விட்டுவிட்டார்களா என்று கேளுங்கள். உள்ளே வெறும் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் ரிப்போர்ட்டில் கிளைக்கால் "இல்லை" என்றே வரும், பொட்டாசியமும் வராது, அதைப் பார்த்து கசிவு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொன்று சிலிக்கான். அது அதிகம் வந்தால் பொதுவாக ஏர் ஃபில்டர் வழியே தூசி போகிறது என்போம். ஆனால் என்ஜினைத் திறந்து மூடிய பிறகு முதல் ஆயிலில் சிலிக்கான் எகிறுவது சகஜம், சீல் போட பயன்படுத்தும் சிலிகோன் பசையிலிருந்து வருவது அது. பசை தாராளமாகப் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அது ஒரு குறிப்பு. காப்பர், லெட் எவ்வளவு என்பதையும் பாருங்கள், பேரிங் தேய்ந்திருக்கிறதா என்பதை அவை காட்டும்.

லேபுக்கு முன்பு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சட்டியை நன்றாகச் சூடாக்கி, 160 டிகிரி வாக்கில், அதில் ஒரு துளி ஆயில் விட்டால் தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவும். கண்ணாடி போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், சமையலுக்குத் திரும்ப எடுக்காத சட்டியில் செய்யுங்கள். இது தண்ணீரைக் காட்டும், கிளைக்காலைக் காட்டாது. ஃபில்டர் பேப்பரில் ஒரு துளி விட்டு ஒரு நாள் வைத்தால், நல்ல ஆயில் வட்டமாகப் பரவி ஓரம் வெளிறும். கிளைக்கால் கலந்திருந்தால் நடுவில் கறுப்பாகப் பசை மாதிரி நின்று ஓரம் வெட்டினாற்போல் தெரியும். நிச்சயம் சொல்ல இது போதாது, சந்தேகத்தை வலுப்படுத்தப் போதும்.

லேத் பட்டறை எழுதியது:

ஹெட் ஃபேஸிங் போடுகிறவன் பக்கத்திலிருந்து சில கேள்விகள், வைகைக்கரை நீங்கள் பட்டறையில் கேட்டு வாருங்கள். சண்டைக்காக இல்லை, பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

இந்த 1.3 லிட்டர், அதாவது 1248 சிசி, என்ஜின் ஃபியட் வடிவமைத்தது. மாருதி, டாடா, ஃபியட் என்று இங்கே பல வண்டிகளில் வந்தது. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறினால் முதலில் வளைவது ஹெட்தான், அதை ஃபேஸிங்கில் சரிசெய்யலாம். ஆனால் பிளாக்கின் மேல்தளத்தில் நேர்ப்பட்டையும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்த்தார்களா? ஹெட்டை மட்டும் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டு, பிளாக்கைப் பழைய கேஸ்கெட் போக மணல்தாள் வட்டு போட்ட கிரைண்டரில் தேய்க்கும் பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. அது தளத்தில் பள்ளம் விழ வைக்கும், போதாததற்கு அந்தத் தூள் ஆயிலில் இறங்கிப் பேரிங்கைத் தின்னும்.

ஹெட்டுக்கு பிரஷர் டெஸ்ட் செய்தார்களா? வெடிப்பு இருந்தால் ஃபேஸிங் போட்டு என்ன பயன். வால்வுகளுக்கு நடுவில் முடி மாதிரி வெடிக்கும், கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர்த் தொட்டியில் காற்று விட்டுப் பார்த்தால்தான் குமிழி வரும்.

ஹெட் போல்ட் புதிதா? இவை ஒரு தடவை டார்க் (முறுக்கு விசை அளவு) வைத்து, பிறகு கோணம் வைத்து இறுக்கி, நீளும்படி செய்யப்பட்டவை. பழையதையே திரும்பப் போட்டால் பிடிப்பு சமமாக வராது. போல்ட் இறங்கும் துளைகள் அடிப்பக்கம் மூடியவை என்றால் அவற்றைக் காற்றடித்துக் காயவைத்தார்களா என்பதும் முக்கியம். துளையில் ஆயிலோ தண்ணீரோ நின்றால் போல்ட் அதை அமுக்கி நிற்கும், டார்க் ரென்ச் சரியான அளவு காட்டும், ஹெட் மட்டும் இறுகியிருக்காது. சில சமயம் பிளாக்கே வெடித்துவிடும். டீசல் கேஸ்கெட் பல கனங்களில் வருவதால் ஃபேஸிங்கில் எவ்வளவு எடுத்தார்கள், எந்தக் கனம் போட்டார்கள் என்பதையும் கேளுங்கள். பில்லில் போல்ட் செட் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

மாசி வீதி டீசல் எழுதியது:

லேத் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. அதோடு நான் இன்னொரு இடத்தையும் காட்ட வேண்டும், ஏனென்றால் எல்லாரும் ஹெட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வைகைக்கரை, டேங்க் கழுத்தில் பிசுக்கு வளையம் என்று எழுதியிருந்தீர்களே, அது எனக்குப் பெரிய விஷயம். ஆயிலில் கூலன்ட், கூலன்டில் ஆயில், இரண்டு பக்கமும் நடக்கிறது. ஓடும்போது ஆயில் பிரஷர் மூன்று நான்கு பார் வரை போகும், கூலன்டில் ஒரு பார் சுற்றித்தான். அதனால் பிரஷரோடு இருக்கும் ஆயிலும் கூலன்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இடத்தில் ஓட்டை விழுந்தால், ஓடும்போது ஆயில் கூலன்டுக்குப் போகும். என்ஜினை அணைத்ததும் ஆயில் பிரஷர் உடனே பூஜ்யம், கூலன்ட் ஆறும்வரை பிரஷரோடு நிற்கும், அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் வரும். அப்படிப்பட்ட இடங்கள் இரண்டுதான். ஒன்று ஹெட்டுக்கு ஆயில் ஏறும் துளை, கேஸ்கெட்டில் இருப்பது. இன்னொன்று ஆயில் கூலர், ஃபில்டர் ஹவுசிங்கோடு சேர்ந்திருப்பது. வாட்டர் பம்ப் உங்கள் என்ஜினில் வெளியே பெல்ட்டில் ஓடுவது, கசிந்தால் தரையில்தான் சொட்டும், அதை விட்டுவிடலாம்.

கேஸ்கெட் சிலிண்டர் பக்கம் போயிருந்தால் வேறு அறிகுறிகள் வரும். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே மேல் ஹோஸ் கல்லாக இறுகும், டேங்கில் குமிழி வரும், வெள்ளைப் புகை வரும். நீல நிறத் திரவம் போட்டு டேங்கின் வாயில் வைத்துப் பார்ப்பார்கள், புகைக் காற்று வந்தால் டீசலில் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். அது நல்ல சோதனைதான், ஆனால் சிலிண்டரிலிருந்து கூலன்டுக்குக் காற்று வருகிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். அது நீலமாகவே நின்றால் கேஸ்கெட் முழுக்க நல்லது என்றோ, ஆயிலில் கலப்பு இல்லை என்றோ அர்த்தம் இல்லை. இதை வைத்துப் பல பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

ஆக பிரஷர் டெஸ்டில் இறக்கம் தெரிந்தால், ஹெட்டைத் தொடுவதற்கு முன் கூலரைக் கழற்றுங்கள். கூலருக்குத் தனியாக இரண்டு ஹோஸ் வரும் அமைப்பு என்றால் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து கூலரை விலக்கிவிட்டு மறுபடி பிரஷர் போடலாம், முள் நின்றால் கூலர்தான். பிளாக்கிலிருந்தே நேராகக் கூலன்ட் வரும் அமைப்பு என்றால் ஹவுசிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கூலரின் கூலன்ட் பக்கத்தை ஒரு முனையில் அடைத்து, வெந்நீர்த் தொட்டியில் முக்கி, ஒன்று ஒன்றரை பார் காற்று மட்டும் விடுங்கள். கம்ப்ரஸர் பிரஷரை அப்படியே விட்டால் நல்ல கூலரும் பிளந்துவிடும். அரை நாள் வேலை. ஹெட்டை இறக்குவது மூன்று நாள் வேலை, இன்னொரு கேஸ்கெட், இன்னொரு போல்ட் செட். எதை முதலில் செய்வது என்று யோசிக்கவே வேண்டாம்.

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும், ஒவ்வொன்றாகச் செய்து முடிக்க நேரமாகிவிட்டது.

பில்லில் ஹெட் போல்ட் செட் இருக்கிறது, புதிதுதான். பிளாக்கை நேர்ப்பட்டை வைத்துப் பார்த்ததாகவும் ஹெட்டைத் தொட்டியில் முக்கிப் பார்த்ததாகவும் சொன்னார்கள், லேத்தில் நேரில் போய்க் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். கூலன்ட் புதியது, பச்சை நிறம், வெறும் தண்ணீர் இல்லை.

இன்னொரு மெக்கானிக் கூடவே இருந்து உதவினார். மலிவான ஆயில் ஊற்றி வடித்தபோது முதல் தடவை பால் நிறம், அடுத்த தடவை தெளிவு. பிறகு நல்ல ஆயில் போட்டு பிரஷர் போட்டு ராத்திரி விட்டோம். காலையில் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. வெளியில் ஒரு இடத்திலும் ஈரம் இல்லை. டிரெயின் போல்ட்டைத் தளர்த்தியதும் முதலில் வந்தது பச்சை. ஒரு சிறிய கரண்டி அளவு இருக்கும், அப்புறம்தான் ஆயில். அப்பாவே பக்கத்தில் நின்று பார்த்தார்.

அடுத்து ஃபில்டர் ஹவுசிங்கைக் கழற்றினோம். கூலரைத் தொட்டியில் முக்கிக் காற்று விட்டதில் குமிழி இல்லை. ஆனால் கூலர் ஹவுசிங்கில் உட்காரும் இடத்தில் இருந்த ரப்பர் சீல் தட்டையாகி, கல்லாகக் கெட்டிப்பட்டிருந்தது. அதன் மேலேயே சாம்பல் நிற சிலிகோன் பசையைத் தடவி மூடியிருக்கிறார்கள். ஆயில் வழிக்கும் கூலன்ட் வழிக்கும் நடுவில் பசை பிய்ந்து, அந்த இடைவெளியில் பால் நிறப் பிசின் கோடாக நின்றது. ஹெட் வேலையின்போது ஹவுசிங்கைக் கழற்றிவிட்டு பழைய சீலையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். பில்லில் அந்த சீல் இல்லவே இல்லை.

லேப் ரிப்போர்ட்டும் வந்தது. திறக்காத டப்பா சாம்பிளோடு ஒப்பிட்டதில் பொட்டாசியம், சோடியம் இரண்டும் அதிகம், கிளைக்கால் இருக்கிறது. சிலிக்கான் நிறைய. காப்பரும் லெட்டும் கவலைப்படும் அளவில் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஹெட்டைத் தொடவில்லை. இப்போது புது சீல் மட்டும் போட்டு மாட்டினால் போதுமா, வேறு என்ன பார்க்க வேண்டும்?

மாசி வீதி டீசல் எழுதியது:

கேட்கவே மனசுக்கு நிறைவாக இருக்கிறது. சீல் மட்டும் போதாது, இன்னும் வேலை இருக்கிறது.

சம்ப்பை இறக்குங்கள். பிய்ந்த சிலிகோன் துணுக்கு எங்கே போயிருக்கும்? ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வலையில் போய் ஒட்டும். அது அடைந்தால் பிரஷர் விழும், நீங்கள் இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய பேரிங் அதில் போய்விடும். வலையைக் கழுவி, சம்ப்பின் மூலைகளில் இருக்கும் பசையைத் துடைத்து, சம்ப்பை மூட சிலிகோன் போடும்போது மெல்லிய கோடாக மட்டும் போடச் சொல்லுங்கள். உட்பக்கம் பிதுங்கக் கூடாது. சம்ப் இறங்கியிருக்கும்போதே ஒரு பேரிங் மூடியைத் திறந்து கண்ணால் பார்த்துவிடலாம். ரிப்போர்ட் நன்றாக இருப்பதால் பயமில்லை, திறக்கும் வாய்ப்பு இருக்கும்போது பார்ப்பது நல்லது.

கூலரில் குமிழி வராவிட்டாலும் உள்ளே தட்டுகளுக்கு நடுவில் பசை நிற்கும், முழுக்கக் கழுவ முடியாது. கையில் காசு இருந்தால் புதியதே போடுங்கள், இந்த என்ஜினுக்கு ஸ்பேர்ஸ் தாராளமாகக் கிடைக்கிறது. புது சீலில் சிலிகோன் எதுவும் தடவ வேண்டாம், ரப்பர் சீலுக்கு அது தேவையே இல்லை.

கூலன்ட் பக்கத்தையும் மறக்காதீர்கள். ஆயில் படிந்த ஹோஸ்களின் ரப்பர் ஊறி மெத்தென்று ஆகிவிடும், அமுக்கிப் பார்த்து ஊறியதை மாற்றுங்கள். கூலிங் சிஸ்டத்துக்கென்று விற்கும் கிளீனர் போட்டு, தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு வரை ஓட்டி, ஹீட்டரைத் திறந்து வைத்து, வடிவது தெளியும்வரை அலசி, கடைசியில் கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிப் பாதி. போர்வெல் தண்ணீர் வேண்டாம். வடித்த கூலன்டைத் தெருவில் விடாதீர்கள், இனிப்பாக இருக்கும் என்பதால் நாயும் மாடும் குடித்துவிடும், எத்திலீன் கிளைக்கால் அவற்றின் சிறுநீரகத்தை அழித்துவிடும்.

எல்லாம் மாட்டியதும் மறுபடி ராத்திரி முழுக்க அதே பிரஷர் டெஸ்ட். முள் நின்றால் ஹெட் கேஸ்கெட்டிலும் கூலன்ட் கசிவு இல்லை என்று அப்போதுதான் நம்பலாம்.

லேத் பட்டறை எழுதியது:

வண்டியை வேலை செய்த பட்டறைக்குக் கொண்டு போய் இந்த சீலைக் காட்டுங்கள், நல்ல பட்டறை என்றால் கூலர் செலவை ஏற்றுக்கொள்வார்கள். ஹெட் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். பில், எடுத்த அன்றைய டிப் ஸ்டிக் போட்டோ, சீல் போட்டோ, லேப் ரிப்போர்ட் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். ஏற்க மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 2019 சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. பழைய சீலை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

சீல் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். பட்டறையில் போய்க் காட்டினேன், முதலாளி பார்த்துவிட்டு சீல், கூலர் இரண்டையும் தன் செலவில் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார், வேலைக்கூலி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சம்ப் இறக்கியதில் வலையில் பட்டாணி அளவுக்கு ஒரு சிலிகோன் கட்டி ஒட்டியிருந்தது, இன்னும் சில துணுக்குகள் அடியில் கிடந்தன. பேரிங் ஒன்று திறந்து பார்த்தோம், கீறல் இல்லை. கூலர் வந்து மாட்டிய பிறகு பிரஷர் டெஸ்ட் முடிவை இங்கேயே போடுகிறேன்.

ஆயில் லேப் எழுதியது:

மாட்டிய பிறகு போடும் ஆயிலை வழக்கமான இடைவெளி வரை ஓட்ட வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டருக்குள் வடித்துவிட்டு அதிலிருந்து ஒரு சாம்பிள் அனுப்புங்கள். உள்ளே ஒட்டியிருந்த மிச்சத்தால் கொஞ்சம் பொட்டாசியம் அதில் இருக்கும், பயப்படாதீர்கள். அதற்கடுத்த ஆயிலில் அது குறைந்திருக்க வேண்டும், காப்பரும் லெட்டும் ஏறாமல் இருக்க வேண்டும். சாம்பிளை என்ஜின் சூடாக இருக்கும்போது, ஆயில் வடிய ஆரம்பித்துக் கொஞ்சம் போன பிறகு நடுவில் பிடியுங்கள்.